வண்டி ஒரு பக்கமா இஸ்துனு போவுது: ரோடு சைக்கிள் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு சுற்று போய்விட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் யாராவது சைக்கிளோடு நிற்பார்கள். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆறேழு பேர். டூல் பெட்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். "அண்ணா, வண்டி ஒரு பக்கமா இஸ்துனு போவுதுணா" என்பான் ஒருவன். "ஹேண்டில்ல இன்னாவோ பண்ணுதுணா" என்பான் இன்னொருவன். அந்த 'இன்னாவோ' எது என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி வேலை. ஸ்பேனர் பிடிப்பது கால்வாசி.

சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு இடத்தைச் சரியாகச் சொல்லாது. பின் சக்கரத்தின் ஆட்டம் கையில் தெரியும். முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் பழுதானது போல இருக்கும். அதனால் "எங்கே ஆடுது?" என்று நான் கேட்பதில்லை. "எப்போ ஆடுது?" என்று கேட்பேன். நேரத்தைப் பற்றி உடம்பு சொல்வதை நம்பலாம்.

முதலில், பெடலை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா ஓடவிட்டால் அந்தத் தொந்தரவு நிற்கிறதா? நின்றால் கோளாறு பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க், செயின் பக்கம். நிற்காவிட்டால் சக்கரம், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க், போர்க் திரும்புவதற்குப் பிரேமில் இருக்கும் பியரிங்கான ஹெட்செட். அடுத்து, வேகம் கூடினால் துடிப்பும் கூடுகிறதா? 25 மி.மீ. டயர் போட்ட, ரோடு சைக்கிளின் வழக்கமான 700 அளவுச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 25 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாளத்தில் 'டுக் டுக் டுக்' என்று வந்தால் சக்கரம் சொல்கிறது என்று அர்த்தம். மிதிப்பதோ நிமிடத்துக்கு 80, 90 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்றரைதான். இரண்டையும் பிரித்தறிய மீட்டர் எதுவும் வேண்டாம், காது போதும். கடைசியாக, பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருகிறதா?

இன்னொன்றும் உண்டு. அது வண்டியா, ரோடா? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தாரை அமுக்கி நீளவாக்கில் பள்ளம் போட்டிருக்கும். அதன் ஓரத்தில் டயர் ஏறி இறங்கினால் யாரோ ஹேண்டிலைப் பிடித்துத் திருப்புவது போல இருக்கும். மேம்பாலத்து இணைப்புகளில் சீராகத் தட்டும். வேறொரு தெருவில் அதே தொந்தரவு வராவிட்டால் டூல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

வால் ஆடுகிறது, அல்லது முன்பக்கம் கனக்கிறது

காற்று. என்னிடம் வரும் பத்து வண்டியில் நாலைந்து இதுதான், சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "போன வாரம்தாணா அடிச்சேன்" என்பார்கள். ரோடு டயரின் ட்யூபில் பஞ்சர் இல்லாமலே காற்று மெல்லக் கசியும்; போன வாரக் காற்று இந்த வாரத்துக்கு ஆகாது.

பின் டயர் தளர்ந்தால் திருப்பத்தில் பின்பக்கம் தாமதமாக வந்து சேரும், மீன் வாலை வீசுவது போல. முன் டயர் தளர்ந்தால் ஹேண்டில் சேற்றில் ஓடுவது போல மந்தமாகும், திருப்பத்தில் ரப்பர் மடங்குவது கையில் தெரியும். 70 கிலோ ஆளுக்கு 25 மி.மீ. டயரில் 80 முதல் 90 பி.எஸ்.ஐ., 28 மி.மீ. டயரில் 65 முதல் 80 வரை வைக்கலாம். பின்னால் ஐந்து கூட, முன்னால் ஐந்து குறைய. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்சவரம்பு, அதுவரை அடித்தே ஆகவேண்டும் என்றில்லை. கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 60க்கும் 90க்கும் வித்தியாசம் சொல்கிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மீட்டர் உள்ள ஃப்ளோர் பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசர் இந்த மெல்லிய பிரெஸ்டா வால்வில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வைத்தால் வழியில் மானம் போகாது.

காற்று சரி, ஆனாலும் பின்பக்கம் தளர்வாக இருக்கிறது

இதற்கு நான் கொடுத்த விலை அதிகம். நாலைந்து வருடம் முன்பு என் வண்டியில் ஹேண்டில் லேசாக மிதந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்று மிதித்தால் பிரேக் கட்டை ரிம்மில் 'சர்க் சர்க்' என்று உரசும். ஒரு கடையில் முன் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார்கள். பத்து நாளில் பழைய கதை. மறுபடி போனேன், இந்த முறை இரண்டு சக்கரத்துக்கும் எடுத்தார்கள், இரண்டுக்கும் காசு. போகவில்லை.

ஒரு காலை காசிமேட்டுப் பக்கம் வேகத்தைக் குறைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஏலம் முடிந்து ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டிகள் வெளியே வரும் நேரம். பின்னால் மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

"இன்னா தம்பி, பின்னால சக்கரம் டான்ஸ் ஆடுது?"

"கோட்டம் எடுத்துட்டேன்பா, ரெண்டு வாட்டி."

அவர் இறங்கி வந்து, ஒரு கையால் சீட்டுக்குக் கீழே பிரேமைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ரிம்மின் மேல்பக்கத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். 'கடக், கடக்'. ரிம் ஒரு பிரேக் கட்டையைத் தொட்டு மறு கட்டைக்குப் போனது. சக்கரத்தை அப்படியே கால் சுற்று சுற்றி அங்கேயும் ஆட்டிக் காட்டினார். அதே 'கடக்'.

"கோட்டம் கீட்டம்லாம் ஒண்ணியும் இல்ல. கோட்டமா இருந்தா ஒரு எடத்துல தான் ஆடும். இது எங்க புட்ச்சாலும் ஆடுது பாரு. கோன் லூசா கீது. டைட் பண்ணு, சரியா பூடும்."

அவர் சொன்ன பாகுபாடு இன்றைக்கும் எனக்குப் பாடம். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ரிம்மின் ஒரு இடம் மட்டும் கட்டைக்கு நெருங்கி விலகுவது கோட்டம். சக்கரம் நிற்கும்போது எந்த இடத்தைப் பிடித்து ஆட்டினாலும் அசைந்தால் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், ஆடுகிறது.

கோனும் (பால்ரஸை அமுக்கிப் பிடிக்கும் கூம்பு நட்) பால்ரஸும் உள்ள ஹப் என்றால், மெல்லிசான கோன் ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். ஒரு நுணுக்கம்: சக்கரத்தைப் பிரேமில் இறுக்கும் குயிக் ரிலீஸ் லிவரை மூடும்போது ஆக்சில் கொஞ்சம் அமுங்கும். எனவே சக்கரம் கையில் இருக்கும்போது மயிரிழை ஆட்டம் விட்டுத்தான் இறுக்க வேண்டும். கையில் கச்சிதமாக வைத்தால் வண்டியில் மாட்டியதும் பால்ரஸ் நெரியும். சீல்டு பியரிங் ஹப் என்றால் இறுக்க ஒன்றுமில்லை, பியரிங்கையே மாற்ற வேண்டும். அதன் மேல் எண் அச்சிட்டிருக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் அதையே வாங்கலாம்.

ஹப் சரியாக இருந்தால் அந்த லிவரையும் ஸ்போக்கையும் பாருங்கள். லிவர் பாதி மூடும்போதே எதிர்க்க ஆரம்பிக்க வேண்டும், முழுக்க மூடினால் உள்ளங்கையில் தடம் விழ வேண்டும். ஸ்போக்கை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கினால் ஒன்று மட்டும் தொளதொள என்று இருப்பது உடனே தெரியும். அறுந்திருந்தால் பெரும்பாலும் பின் சக்கரத்தில், செயின் பக்கம், ஹப்புக்குள் வளைந்து நுழையும் முழங்கையில் அறுந்திருக்கும். அந்தப் பக்கத்து ஸ்போக்குகள்தான் மிக இறுக்கமாக இழுக்கப்பட்டவை.

கையை விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

இடது பக்கம் இழுக்கிறது என்றால் அவசரப்படாதீர்கள். மழைத் தண்ணீர் வடிய ரோடு ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடது ஓரமாக ஓட்டுகிறோம், வண்டியும் அந்தப் பக்கம்தான் சரியும். சமமான மைதானத்தில் கையை விட்டுப் பாருங்கள். பின்பையில் ஒரு பக்கம் போன், சாவிக்கொத்து, பம்ப் என்று அடைத்திருந்தாலும் இழுக்கும். சிரிக்க வேண்டாம், எங்கள் தெருவில் நடந்தது.

மைதானத்திலும் இழுத்தால், சக்கரங்களைக் கழற்றி, வண்டியை நேராக நிற்கவைத்து அதன் எடை ஆக்சில் மேல் விழும்படி மறுபடி மாட்டுங்கள். ஆக்சில் உட்காரும் பிளவான டிராப்-அவுட்டில் சக்கரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். அப்படியும் போகாவிட்டால் ரிம் பிரேக் வண்டிக்காரர்களுக்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது: முன் சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். இழுக்கும் திசையும் மாறினால் குற்றம் சக்கரத்திலோ டயரிலோ, பெரும்பாலும் ரிம் ஹப்புக்கு நடுவில் இல்லை. திசை மாறாவிட்டால் போர்க் அல்லது பிரேம் வளைந்திருக்கலாம். எங்காவது மோதி விழுந்த ஞாபகம் இருக்கிறதா என்று யோசியுங்கள். இரும்புப் போர்க்கைப் பெண்டு எடுக்க முடியும். அலுமினியத்தையும் கார்பனையும் யாராவது "நிமுத்தித் தரேன்" என்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேபிளை மறக்க வேண்டாம். ஹேண்டிலிலிருந்து வரும் கேபிள் உறை குட்டையாக இருந்தால் அது ஸ்பிரிங் மாதிரி ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பும். முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் ஹேண்டில் தானாகத் திரும்புவது தெரியும்.

நேராகப் போக மாட்டேன் என்கிறது

இழுப்பு இல்லை, ஆட்டம் இல்லை. ஆனால் மெதுவாகப் போகும்போது வண்டி கோட்டில் நிற்காது. சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கையை விட்டு ஓட்டவே முடியாது. புதிதாக ஓட்டுகிறவர்கள் "எனக்கு பேலன்ஸ் பத்தலை" என்று தங்களையே குறை சொல்லிக்கொள்ளும் கோளாறு இது.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். இரண்டு விரலால் ஹேண்டிலை மெல்ல, மிக மெல்ல, இடமிருந்து வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து எழுகிறதா? ஹெட்செட் பியரிங் போய்விட்டது. நேரே ஓட்டும்போது ஹேண்டில் ஓரிரு டிகிரிதான் அசைகிறது. பால்ரஸ் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து, அங்கிருந்த கிரீஸை வெளியே தள்ளி, இரும்பைத் தேய்த்துக் குழி பறித்துவிடும். கீழ் பியரிங்தான் முதலில் போகும், முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அதன் மேல் விழுகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் ஒரு முறை தள்ளிக்கொண்டு வந்துவிட்டு அப்படியே மாடியில் சாத்தி வைத்தால் போதும், உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதை இறுக்கினாலும் சரியாகாது, தளர்த்தினாலும் சரியாகாது. பியரிங் மாற்ற வேண்டும். பியரிங் விளிம்பில் விட்டமும் 36, 45 என்று கோணமும் போட்டிருக்கும். கோணம் தவறினால் உட்காராது. பழைய கூண்டு பால்ரஸ் வண்டிகளில் ஒரு தெருவோர வித்தை உண்டு: கூண்டை எடுத்துவிட்டுக் குண்டுகளை உதிரியாக நிரப்பினால் ஓரிரண்டு அதிகம் பிடிக்கும். எல்லாம் பழைய குழியில் ஒன்றாக உட்காராது. கொஞ்ச நாள் தள்ளும்.

பிரேக் பிடித்தால் மட்டும்

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொரு கை விரலைப் பிரேமும் போர்க்கும் சேரும் இடத்தில் வையுங்கள். 'கொடக்' என்று விரலில் தட்டினால் ஹெட்செட் லூஸ். இதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம்: ஹேண்டிலைப் போர்க்கோடு சேர்க்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள். அப்புறம் மேல்மூடி போல்ட்டை அலன் கீயால் கால் கால் சுற்றாக, ஆட்டம் போகும் வரை மட்டும். அப்புறம் ஸ்டெம்மை நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். பெரும்பாலானவற்றுக்கு 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம் மேலேயே எழுதியிருக்கும். பக்கவாட்டைத் தளர்த்தாமல் மேல்மூடியை மட்டும் முறுக்கி அதன் போல்ட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

விரலில் தட்டாமல், பிரேக் பிடிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை விட்டுவிட்டுப் பிடித்தால் ரிம்மைப் பாருங்கள். பள்ளத்தில் அடிபட்டு விளிம்பு பிதுங்கியிருக்கும். கடற்கரை ரோட்டில் ஓட்டுகிறவர்கள் பிரேக் கட்டையையும் கழற்றிப் பார்க்க வேண்டும். மணலும் அலுமினியப் பொடியும் அதில் பதிந்து, ஒவ்வொரு பிடிக்கும் ரிம்மை அரம் மாதிரி ராவும். ரிம் பக்கத்தில் அடையாளத்துக்கு வெட்டிய கோடோ குழியோ மறைந்துவிட்டால், தொட்டுப் பார்த்தால் குழிந்திருந்தால், அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது.

பெடல் நிறுத்தினாலும் நிற்காத தட்டு

சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயரை மட்டும் பாருங்கள். ஒரு இடத்தில் ஏறி இறங்கினால் டயர் ரிம்முக்குள் ஒழுங்காக உட்காரவில்லை. காற்றை இறக்கி, கையால் உருட்டிச் சரிசெய்து மறுபடி அடித்தால் போதும். ஒரு இடத்தில் கட்டி மாதிரி வீங்கியிருந்தால் உள்நூல் அறுந்துவிட்டது. அது வெடிக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் காலி டூத்பேஸ்ட் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே வைத்து, காற்றைக் குறைத்து வீடு சேரலாம். அடுத்த வாரத்துக்கும் அதே டயர் என்று கனவு காண வேண்டாம்.

மிதிக்கும்போது மட்டும்

ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தட்டு என்றால் கிராங்க் லூஸ், அல்லது பெடல் ஆக்சில் வளைவு. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரியும். ஆனால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, கொஞ்சம் பிசகிப் பிசகி ஒரு துள்ளல் வந்தால் அது செயினில் ஒரு கணு இறுகிப்போனது. 108 கணுச் செயின் 50 பல் சக்கரத்தைச் சுற்றிவர இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், கணக்கு அதுதான். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால், பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியரில் ஒரு கணு நிமிராமல் துள்ளிப் போகும். அதைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்து இளக்கி, எண்ணெய் விடுங்கள்.

எழுந்து மிதித்தால் பல் நழுவுகிறதா? ஸ்கேலை எடுங்கள். 24 கணு சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு என்றால் பின்னால் உள்ள பல் சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு.

வேகத்தில் மொத்த வண்டியும் நடுங்குகிறது

வட சென்னையில் இதற்கு மலை கிடையாது, மேம்பால இறக்கம்தான். ஏற்காடு, ஏலகிரி போகிறவர்கள் அங்கே சந்திப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் நொடிக்கு நாலைந்து முறை இடமும் வலமும் அடிக்கும், பிரேமே முறுக்கிக்கொள்வது போல இருக்கும். பிரேமும் ஆளின் எடையும் சேர்ந்து ஊஞ்சல் மாதிரி ஆடுவதுதான் இது. உயரமான, லேசான பிரேமில் அதிகம். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வளரும். இரண்டு முழங்காலாலும் மேல் பாரை இடுக்கிக்கொண்டு, சீட்டிலிருந்து எடையைக் கொஞ்சம் எடுத்து, கையைத் தளர்த்தி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். அடங்கும். வீட்டுக்கு வந்து ஹெட்செட், ஹப், ஸ்போக் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாகவே இருக்கவும் கூடும். அப்போது வேறு டயர், வேறு காற்று அளவு, உட்காரும் இடம் மாற்றிப் பார்ப்பதுதான்.

லாரி கடக்கும்போது வண்டி அதன் பக்கம் சாய்கிறது

இது வண்டிக் கோளாறே இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பகல் 12 மணிக்கு மேல் கடல்காற்று வந்தபின் எண்ணூர் நோக்கிப் போனால் காற்று வலது பக்கத்திலிருந்து. நம்மை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருப்போம். வலதுபுறம் கன்டெய்னர் லாரி முந்தும்போது காற்று சட்டென்று மறைந்துவிடும். சாய்ந்திருக்கும் நாம் லாரியை நோக்கியே போவோம். அது கடந்ததும் மறுபடி காற்று அறைந்து இடப்பக்கம் தள்ளும். உயரமான ரிம் போட்ட வண்டியில் இது இரண்டு மடங்காகத் தெரியும். லாரி இரைச்சல் கேட்டதும் ஹேண்டிலின் கீழ்ப்பிடிக்கு இறங்கி, முழங்கையை மடக்கி, ஓரத்தில் இரண்டடி இடம் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான ரிம் வாங்கிய தம்பிகள் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம்.

ஹேண்டில் மெத்தென்று இருக்கிறது

இது மட்டும் வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிடுங்கள். எழுந்து நின்று இழுக்கும்போது ஹேண்டில் வழக்கத்தைவிடக் கொடுக்கிறது, ரப்பர் மாதிரி; கூடவே 'கிரிச்' என்று ஒரு முனகல். ஸ்டெம் போல்ட் தளர்ந்திருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் ஹேண்டிலோ, போர்க்கிலிருந்து மேலே வரும் குழாயோ விரிசல் கண்டிருக்கிறது. அலுமினிய ஹேண்டிலில் வியர்வை டேப்புக்குள் புகுந்து உப்பாகத் தங்கி, பிரேக் லிவர் பிடிக்கும் இடத்தை அரிக்கும். நம் ஊர் வியர்வைக்குக் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை டேப்பைப் பிரித்து, வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு அது திருவொற்றியூர் தாண்டி வரும்போது வந்தது. டேப்பைப் பிரித்தால் லிவருக்குக் கீழே பாதி சுற்றளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. ஓட்டவில்லை. காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த மீன்பாடி வண்டி ஒன்றை நிறுத்தி, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சைக்கிளைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹேண்டில் மாற்ற அரை மணி நேரம் ஆனது. சீட்டிலிருந்து நெத்திலி வாசனை போக ஒரு வாரம் ஆனது.